சீருடை மாறப் போகிறது: மாணவர்களாகிய நாங்கள் என்ன எழுதிக் கொடுக்கலாம்?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு மாணவி, குலசேகரம் பகுதி

அனைவருக்கும் வணக்கம். நான் குமரி மாவட்டத்தில் குலசேகரத்தை அடுத்த ஊரில் வசிக்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறேன். வரும் ஜூன் மாதம் எங்கள் பள்ளியின் சீருடை மாறப் போகிறது. துணி, நிறம், தைக்கும் முறை ஆகியவற்றை முடிவு செய்வதற்கு முன் ஒவ்வொரு வகுப்பும் தன் கருத்தை எழுதிக் கொடுக்கலாம் என்று தலைமையாசிரியர் அறிவித்திருக்கிறார். எங்கள் வகுப்புக்காக எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வகுப்பில் கூடிப் பேசியபோது, சீருடையே வேண்டாம் என்று சிலரும், இப்போது இருப்பதே போதும் என்று சிலரும் பிரிந்து நின்றார்கள். இரண்டில் எதுவும் என் மனத்தில் இருப்பதை முழுமையாகச் சொல்லவில்லை. அதனால்தான் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பு வரை நான் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டேன்; அதனால் ஆண்டுக்கு நான்கு செட் சீருடை அரசிடமிருந்து விலையில்லாமல் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து நாங்களே வாங்க வேண்டும். என் அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். பள்ளி திறக்கும் அதே ஜூனில் எங்கள் பக்கம் மழையும் பிடித்துவிடும். மழை பிடித்தால் பால்வெட்டு பல நாள் நின்றுபோகும். வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு செட் எடுத்தோம். வளர்வேன் என்று அம்மா பாவாடையின் அடியை நான்கு விரல் அளவு உள்ளே மடித்துத் தைக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு அந்த மடிப்பைப் பிரித்தபோது, வெயிலும் சோப்பும் படாத துணி புதிய நிறத்தோடு ஒரு பட்டையாக அடியில் தெரிந்தது. அந்தப் பட்டையைப் பார்த்தே யார் வீட்டில் புதுத் துணி எடுத்தார்கள், யார் வீட்டில் எடுக்கவில்லை என்று எங்கள் வகுப்பில் எவரும் சொல்லிவிடலாம். எல்லோரும் ஒரே துணி உடுத்தினால் வேறுபாடு தெரியாது என்று சொல்பவர்கள், ஒரே துணியை அருகிலிருந்து பார்த்ததில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் சீருடை வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறந்தநாள் அன்று மட்டும் எங்கள் பள்ளியில் கலர் டிரெஸ் அணிந்து வரலாம். ஆறாம் வகுப்பில் என் பிறந்தநாள் வந்த மாதம் புதுத் துணி எடுக்க வீட்டில் வழியில்லை. நான் சீருடையிலேயே போனேன். அன்று எனக்குப் பிறந்தநாள் என்று யாருக்கும் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. வகுப்பில் வேறொரு பெண்ணுக்கும் அன்றுதான் பிறந்தநாள். அவள் மிட்டாய் கொடுத்துக்கொண்டே வந்தபோது நானும் கைநீட்டி ஒன்று வாங்கிக்கொண்டேன். அந்த நாளில் சீருடை இல்லாமல் இருந்திருந்தால் நான் பள்ளிக்கே போயிருக்க மாட்டேன்.

பேருந்து நிறுத்தத்திலும் இப்படித்தான். சீருடை அணிந்த கூட்டத்தைக் கண்டதும் சில பேருந்துகள் தள்ளிப் போய் நிற்கின்றன. சில நிற்பதே இல்லை. புதிய பயண அட்டை வருவதற்கு முந்தைய ஜூன் மாதத்தில் எங்களைக் கட்டணமில்லாமல் ஏற்றிக்கொள்வதும் இதே சீருடையைப் பார்த்துத்தான்.

எங்களுக்கு உண்மையாகவே துன்பம் தருவது வெள்ளைச் சீருடை. புதன்கிழமைகளில் வெள்ளை அணிய வேண்டும் என்பது பள்ளியின் விதி. மாதவிடாய் நாளும் புதன்கிழமையும் ஒன்றாக வரும்போது நாங்கள் பாடத்தைக் கவனிப்பதில்லை, பாவாடையைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறோம். ஒருத்தி எழுந்து கரும்பலகைக்குப் போனால், பின்னால் இருப்பவள் பார்த்துச் சைகை செய்ய வேண்டும் என்பது எங்களுக்குள் யாரும் பேசாமலேயே ஏற்பட்ட ஏற்பாடு. நன்றாகக் கணக்குப் போடத் தெரிந்த என் தோழி, அந்த நாளில் கரும்பலகைக்கு அழைத்தால் விடை தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வாள். இதை ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

இன்னும் சில உள்ளன. ஆண் பிள்ளைகளின் உடையில் மூன்று பைகள் இருக்கின்றன; எங்கள் உடையில் ஒன்றுகூட இல்லை. கோடை வெயிலிலும் சுடிதாருக்கு மேல் ஓவர்கோட் போட வேண்டும். ரெட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் துணி காய்வதில்லை. அடுக்களையில் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப் போடுகிறோம். பிறகு நாள் முழுவதும் அந்தப் புகைமணத்தோடு வகுப்பில் இருக்கிறோம்.

இவற்றையெல்லாம் எழுதலாமா, அல்லது எழுதினால் சின்ன விஷயங்களைப் பெரிதாக்குகிறோம் என்று நினைப்பார்களா? “முதலில் மதிப்பெண்ணைப் பாருங்கள், பிறகு உடுப்பைப் பற்றிப் பேசலாம்” என்று எங்கள் உறவினர் ஒருவர் கடிந்துகொண்டார். எதைக் கேட்பது நியாயம், எதை விட்டுவிடலாம் என்று தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

பதில் 1: ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தக்கலை

மகளே, உன் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உடுப்பைப் பற்றிப் பேசுவது சின்ன விஷயம் என்று உன் உறவினர் சொன்னது எனக்கு வருத்தம் தருகிறது. வேறு எந்த ஊரில் அப்படிச் சொன்னாலும் சொல்லலாம். நம் மாவட்டத்தில் அதைச் சொல்லக் கூடாது.

திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த காலத்தில் இந்த மண்ணில் யார் எதை உடுத்தலாம் என்பதை அரசும் சாதியும் சேர்ந்து முடிவு செய்தன. நாடார் உள்ளிட்ட பல சமூகங்களின் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்பது வழக்கமாக மட்டும் இருக்கவில்லை, தண்டனையோடு கூடிய கட்டளையாகவும் இருந்தது. 1822-இல் தொடங்கி 1859 வரை இடைவெளி விட்டு மூன்று கட்டமாக நடந்த தோள்சீலைப் போராட்டத்தில் சந்தைகளில் பெண்களின் ஆடைகள் கிழிக்கப்பட்டன. பள்ளிகளும் வழிபாட்டிடங்களும் எரிக்கப்பட்டன. பள்ளிக்குப் போன பெண்கள் மேலாடை அணிந்தார்கள் என்பதே பள்ளிகளின் மீது எழுந்த கோபத்திற்கு ஒரு காரணம். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தம்மிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னாரே, அதுவும் தலையில் துணி கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களுக்கு அவர் திருப்பித் தந்த மதிப்புதான். 2023 மார்ச் மாதம் நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் 200-ஆம் ஆண்டு விழா நடந்தது. தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநில முதலமைச்சர்களும் வந்திருந்தார்கள். உன் வகுப்பில் சிலராவது அதை நேரில் பார்த்திருப்பார்கள்.

இந்த வரலாற்றில் உனக்குப் பயன்படக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. 1814-இல் கிறித்தவப் பெண்கள் குப்பாயம் என்ற சட்டையை அணியலாம் என்று அரசு அனுமதித்தது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போடக் கூடாது என்றது. 1859 ஜூலை 26 அன்று, சென்னை ஆளுநர் டிரெவெலியனின் அழுத்தத்திற்குப் பிறகு, மன்னர் வெளியிட்ட அறிவிப்பும் மேலாடைக்கு இருந்த தடையை நீக்கியது. அதிலும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதமாக மட்டும் உடுத்தக் கூடாது என்ற வாசகம் இருந்தது. உடுத்திக்கொள்ளலாம், ஆனால் இப்படி உடுத்தக் கூடாது. ஒரு விதியைப் படிக்கும்போது அதில் ‘ஆனால்’ என்ற சொல் எங்கே வருகிறது, அது யார் மேல் போய் விழுகிறது என்று பார்க்கும் பழக்கத்தை நான் இந்த அறிவிப்பிலிருந்துதான் கற்றேன். உங்கள் பள்ளியின் உடை விதிகளை எடுத்து அப்படி ஒருமுறை படித்துப் பார். ஓவர்கோட், ரெட்டைச் சடை, பை இல்லாத உடுப்பு, வெள்ளைப் பாவாடை: நீ எழுதியவற்றில் பெரும்பகுதி பெண் பிள்ளைகள் மேலேதான் விழுகிறது.

இதற்காகச் சீருடையே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் மதிய உணவோடு பிள்ளைகளுக்குச் சீருடையும் கிடைக்கச் செய்ததன் நோக்கம், பள்ளிக்குள் நுழையும் பிள்ளையின் உடலில் சாதியும் வறுமையும் எழுதப்பட்டிருக்கக் கூடாது என்பதே. அந்த நோக்கம் இன்னும் முடிந்துபோகவில்லை. நமக்கு வடக்கே, நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் இருக்கும் நாங்குநேரியில், 2023 ஆகஸ்டில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும் என்ற பரிந்துரை இருக்கிறது. சட்டையின் நிறம் ஒன்றாகிவிட்ட இடத்தில் அடையாளம் மணிக்கட்டுக்குப் போய்விட்டது. சீருடையும் இல்லை என்றால் அது உடல் முழுவதும் ஏறி நிற்கும் என்று நான் அஞ்சுகிறேன்.

நான் செய்த ஒரு பிழையையும் இங்கே சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த சில ஆண்டுகளுக்குள், காலை வணக்கக் கூட்டத்தில் நீலக் கால்சட்டைக்குப் பதிலாகக் கறுப்புக் கால்சட்டை அணிந்து வந்த ஓர் ஒன்பதாம் வகுப்பு மாணவனை முதல் பாடவேளை முடியும் வரை வராந்தாவில் நிற்க வைத்தேன். ஏன் என்று நான் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். மழைக்காலம். அவனுடைய ஒரே நீலக் கால்சட்டை கொடியில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு அவன் அண்ணனுடையது. “சார், நாளைக்குக் காய்ந்துவிடும், வந்துவிடுவேன்” என்று எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னான். அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை உடைக்காக ஒரு பிள்ளையையும் நான் வெளியே நிறுத்தியதில்லை. விதியை மீறியவனிடம் முதலில் காரணத்தைக் கேட்க வேண்டும், அதுவும் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும் என்ற ஒரு வரியை உன் தாளில் எழுதுவாயானால், அந்தப் பையனுக்கு நான் பட்ட கடனில் கொஞ்சம் தீரும்.

---

பதில் 2: தையல் தொழில் செய்பவர், இரணியல்

தங்கச்சி, நான் படித்தது பத்தாம் வகுப்புதான். ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பள்ளி உடுப்புத் தைக்கிறேன். மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக அரசு சீருடையும் தைத்திருக்கிறேன். சார் எழுதியதற்குப் பிறகு வரலாற்றில் சேர்க்க என்னிடம் ஒன்றுமில்லை. துணியைப் பற்றிச் சொல்கிறேன். தாளில் அதை எழுதாவிட்டால் மற்றவை எல்லாம் வெறும் பேச்சாகிவிடும்.

முழுப் பருத்தி உடம்புக்கு நல்லது, ஆனால் நம் மழைக்கு இரண்டு நாளானாலும் காயாது. முழுப் பாலியஸ்டர் சீக்கிரம் காயும், ஆனால் மார்ச் மாத வெயிலில் வேர்வையை உறிஞ்சாது. அதன்மேல் ஓவர்கோட்டும் போட்டால் பிள்ளைகளுக்கு அக்குளிலும் கழுத்திலும் வேர்க்குரு வரும். இரண்டும் கலந்த துணிதான் நமக்கு ஏற்றது. கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல், தேர்ந்தெடுக்கும் துணியில் அரை மீட்டர் வாங்கிப் பத்து முறை துவைத்துக் காயவைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல். சாயம் போகிறதா, சுருங்குகிறதா, எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். இந்தச் சோதனையை எந்தப் பள்ளியும் செய்து நான் பார்த்ததில்லை.

கட்டம் போட்ட துணி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தையலில் கட்டத்தோடு கட்டம் சேர வேண்டும் என்றால் துணி கூடுதலாகப் பிடிக்கும், வெட்டில் வீணாவதும் கூடும். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கூடுதல் நன்றாகவே தெரியும். ஒரே நிறத் துணி என்றால் அந்தச் செலவு இல்லை. கிழிந்தால் ஒட்டுப் போடுவதும் எளிது.

நீ சொன்ன அந்த மடிப்புப் பட்டைக்கு ஒரு வழி இருக்கிறது. அடியில் அகலமாக மடித்துத் தைப்பதற்குப் பதிலாக, இடுப்புப் பட்டிக்குள் துணியைக் கூடுதலாக விட்டுத் தைத்தால், பிறகு மேலிருந்து இறக்கிக்கொள்ளலாம். நிறம் மாறாத பகுதி சட்டைக்குள் மறைந்துவிடும். கூலியில் சிறிது வேறுபாடு வரும், அவ்வளவுதான். என் அம்மாவிடம் கற்ற வேலை இது. கேட்டால் தைத்துக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

பை வைப்பதற்குத் தனியாகத் துணியே தேவையில்லை. வெட்டும்போது மிஞ்சும் துண்டே போதும். பெண் பிள்ளைகளின் உடுப்பில் பை இல்லாததற்குத் தையலில் எந்தக் காரணமும் கிடையாது. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் வைக்கவில்லை. பஸ் பாஸ், சில்லறை, கைக்குட்டை, அந்த நாள்களுக்கு வேண்டியது என எல்லாவற்றுக்கும் ஒரு பை வேண்டும். பக்கத் தையலில், உள்ளங்கை முழுவதும் இறங்கும் ஆழத்தில் வைக்க வேண்டும் என்று அளவோடு எழுது. அளவு சொல்லாவிட்டால் இரண்டு விரல் மட்டும் நுழையும் பை வந்து சேரும்.

கடைசியாக, எந்தத் துணி என்று ஏப்ரலிலேயே சொல்லிவிட வேண்டும். மே மாதக் கடைசியில் சொன்னால் ஊரே ஒரே கடைக்கு ஓடும். தையல்காரர்களும் இரவெல்லாம் விழித்துத் தைப்போம், அதில் காஜா கூடச் சரியாக விழாது. துணியின் மாதிரியைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, விருப்பமான கடையில் வாங்கி, விருப்பமான இடத்தில் தைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தால் விலை தானாகவே இறங்கும்.

---

பதில் 3: முன்னாள் மாணவர், குளச்சல்

நான் கடல்தொழில் குடும்பத்தில் பிறந்தவன். அக்கா துணியைப் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. நான் அதற்கு முன்னால் வரும் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன்: சீருடையை இப்போது ஏன் மாற்றுகிறார்கள்? காரணம் சொன்னார்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை.

எங்கள் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். உங்களுக்குப் பால்வெட்டு நிற்கும் அதே நாள்களில் எங்களுக்குப் படகு நிற்கும். மலையிலும் கடலிலும் வருமானம் நின்றிருக்கும் ஒரு மாதத்தைப் பார்த்துத்தான் பள்ளி திறக்கிறது, புத்தகப் பை, நோட்டு, சீருடை என்று செலவும் வருகிறது. பள்ளி நாள்காட்டியை நாம் மாற்ற முடியாது. ஆனால் புதுச் சீருடைக்கு ஆகஸ்ட் இறுதி வரை தவணை கேட்கலாம்.

இன்னொன்று உங்களுக்காகவே சொல்வது. நீங்கள் இப்போது பதினொன்று. புதுச் சீருடை வரும்போது பன்னிரண்டு. அதாவது நீங்களும் உங்கள் வகுப்பினரும் பத்து மாதம் மட்டுமே அணியப் போகும் உடுப்புக்கு முழு விலை கொடுக்கப் போகிறீர்கள். உங்கள் தங்கைக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ அது பயன்படலாம். எல்லோருக்கும் அப்படி அமையாது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் இருப்பவர்கள் பழைய சீருடையிலேயே முடித்துக்கொள்ளலாம், மற்றவர்களுக்குப் பழையது கிழியும் வரை இரண்டும் செல்லும் என்று இரண்டு ஆண்டு இடைக்காலம் கேளுங்கள். என் பள்ளிக் காலத்தில் இப்படி ஒரு மாற்றம் வந்தது; இடைக்காலம் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு என் அம்மா கழுத்தில் கிடந்ததை அடகு வைத்தார். அது மீண்டு வந்தது நான் வேலைக்குப் போன பிறகுதான்.

---

பதில் 4: சட்டக் கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ஆசிரியர் ஐயாவின் மீது மதிப்பு வைத்தே மாறுபடுகிறேன். சீருடை சாதியை மறைக்கிறது. மறைப்பதை நாம் நீக்குவது என்று எடுத்துக்கொள்கிறோம். கைக்கயிறு அதைத்தான் காட்டியது. பதினாறு, பதினேழு வயதில் இருப்பவர்கள் இன்னும் ஒரு ஆண்டில் கல்லூரிக்குப் போய்த் தாமே உடையைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். மேல்நிலை வகுப்புகளுக்காவது வாரத்தில் ஒருநாள் விருப்ப உடை இருப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. ஆனால் தங்கை எழுதிய பிறந்தநாள் நிகழ்ச்சியைப் படித்த பிறகு, அந்த ஒருநாளும் யாரையாவது வீட்டில் இருக்கச் செய்துவிடுமோ என்று எனக்கே தயக்கமாக இருக்கிறது. இதை உங்கள் வகுப்பில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சட்டத்தின் பக்கம் சுருக்கமாக. ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989-இல் ஏற்கப்பட்டது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. அதன் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் செய்திகளில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத்துன்பம் தருவதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கானது என்பதால் உங்கள் பள்ளியின் கீழ் வகுப்புகளுக்கு அது நேரடியாகப் பொருந்தும். சீருடையைப் பள்ளி வரையறுக்கலாம் என்பதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டே வந்திருக்கின்றன. ஆனால் எல்லை எங்கே என்பது முடியாத கேள்வி; கர்நாடகத்தின் தலைத்துணி (ஹிஜாப்) வழக்கில் 2022 அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் இரண்டு வேறு தீர்ப்புகளைத் தந்தார்கள். உங்கள் வகுப்பில் தலைத்துணி அணியும் தோழிகள் இருந்தால், புதுச் சீருடை விதியில் அதற்கு இடம் உண்டு என்பதையும் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஓவர்கோட்டைப் பற்றி ஒன்று. களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரியின் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் (அதன் மேல்நிலை வகுப்புகளில் மாணவர்களும் உண்டு) 2021 டிசம்பரில் மாணவிகளும் மாணவர்களும் ஒரே மாதிரியாகப் பேன்ட்டும் சட்டையும் அணியும் முறை வந்தது. எதிர்ப்பும் இருந்தது. அதை அப்படியே கேளுங்கள் என்று சொல்லவில்லை. வேறு வழி இருக்கிறது என்று காட்ட அது ஒரு சான்று.

---

கேள்வி கேட்ட மாணவி

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை சிறப்பு வகுப்பு முடிந்ததும் வகுப்பிலேயே உட்கார்ந்து உங்கள் பதில்களை வாசித்தோம். ஆசிரியர் ஐயாவின் வராந்தா நிகழ்ச்சியைப் படித்தபோது யாரும் பேசவில்லை.

மாற்றத்திற்குக் காரணம் என்ன என்று கேட்டுத்தான் தாளைத் தொடங்கியிருக்கிறோம். குளச்சல் அண்ணன் சொல்லும் வரை அந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சீருடை தொடர வேண்டும், பழையதும் புதியதும் இரண்டு ஆண்டு சேர்ந்தே செல்ல வேண்டும், துணியைத் துவைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து ஏப்ரலில் மாதிரியை ஒட்ட வேண்டும், எந்தக் கடையிலும் வாங்க விட வேண்டும் என்பவை எல்லோரும் ஒரே மனதாக ஒப்புக்கொண்டவை. உடைக்காக யாரையும் வெளியே நிறுத்தாமல் தனியே அழைத்துக் காரணம் கேட்க வேண்டும் என்ற வரியை ஆசிரியர் ஐயாவின் சொற்களிலேயே எழுதியிருக்கிறோம். தலைத்துணி பற்றியும் ஒரு வரி சேர்ந்தது. அதை எழுதியவள் என் பக்கத்தில் அமரும் தோழி.

பையைப் பற்றிப் பேசியபோது, பெண்களின் உடுப்பில் பை இல்லை என்பதே எங்கள் வகுப்புப் பையன்கள் பலருக்கு அதுவரை தெரியாது என்று தெரிந்தது. இரணியல் அக்கா சொன்ன அளவோடு அது தாளில் இருக்கிறது. ரெட்டைச் சடைக்கும் ஓவர்கோட்டுக்கும் ஒப்புதல் கிடைக்கவில்லை. பெண்களிலேயே பாதிப் பேர் இருக்கட்டும் என்றார்கள். விருப்ப உடை நாள் வேண்டாம் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். வேண்டாம் என்றவர்களில் எங்கள் வகுப்பிலேயே வசதியான வீட்டுப் பெண் ஒருத்தியும் இருந்தாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் என்னைப் பார்க்கவில்லை. ஆறாம் வகுப்பில் மிட்டாய் கொடுத்தவள் அவள்தான்.

வெள்ளைச் சீருடையைப் பற்றி எழுதும் நேரம் வந்தபோது, பையன்களை வெளியே போகச் சொல்லலாமா என்று ஒருத்தி கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். புதன்கிழமை வெள்ளைக்குப் பதிலாக அடர்நிறப் பாவாடை வேண்டும் என்றும், மாதவிடாய் நாள்களில் வெள்ளை எங்களைக் கரும்பலகைக்குப் போகவிடாமல் தடுக்கிறது என்றும், சுற்றி வளைக்காமல் அந்தச் சொற்களிலேயே எழுதியிருக்கிறோம். வகுப்புப் பிரதிநிதிகள் தங்கள் தாளைத் தலைமையாசிரியரின் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும் என்று இன்று அறிவித்துவிட்டார்கள். அந்த வரியை நான் வாசிக்கும்போது குரல் நடுங்குமோ என்று பயமாக இருக்கிறது. கணக்குத் தெரிந்தும் தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளும் என் தோழி, தானும் உடன் வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். வாசிக்கும் நாள் அடுத்த புதன்கிழமை.